பீரோல கிடக்குற பழைய ஃபிலிம் கேமராவ எடுத்து மறுபடி ஒரு ரோல் ஓட்டுறது எப்படி

அப்பாவோட பென்டாக்ஸ் கே1000 எங்க வீட்டு பீரோ மேல்தட்டுல, அம்மாவோட பட்டுப்புடவைக்குப் பின்னால, தோல் கவரோட இருபது வருஷத்துக்கு மேல கிடந்துச்சு. உங்க வீட்லயும் யாஷிகாவோ நிக்கானோ ஜெனிட்டோ ஒண்ணு பரண்ல இருக்கலாம். அத எடுத்து ஒரு ரோல் ஓட்டிப் பாக்கணும்னு ஆசை இருக்கவங்களுக்காக, நான் கத்துக்கிட்டத எல்லாம் இங்க எழுதுறேன். கே1000-ஐ வச்சுதான் சொல்றேன், மத்த 35 எம்எம் மேனுவல் கேமராவுக்கும் பெரும்பாலும் இதேதான்.

முதல் விஷயம், கைக்கு வந்த உடனே பின்மூடிய திறந்துராதீங்க. உள்ள பாதி ஓடின ரோல் இருக்கலாம். இடது பக்கம் மேல இருக்குற ரீவைண்ட் கைப்பிடிய விரிச்சு, அம்புக்குறி காட்டுற பக்கமா ரொம்ப மெதுவா சுத்திப் பாருங்க. லூசா சுத்திக்கிட்டே போனா உள்ள ஒண்ணும் இல்ல, கொஞ்சம் சுத்தினதும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தா ரோல் இருக்குன்னு அர்த்தம். எனக்கு இழுத்துப் பிடிச்சுச்சு. அடியில இருக்குற சின்ன பட்டன அமுக்கிட்டு முழுசா ரீவைண்ட் பண்ணி எடுத்தேன், கலர் ரோல், அவ்ளோ வருஷம் வெயில்லயும் புழுக்கத்துலயும் கிடந்தது. இந்த மாதிரி ரொம்ப பழைய கலர் ரோல வழக்கமான கலர் கெமிக்கல்ல கழுவினா சாயம் எல்லாம் சிதைஞ்சு ஒண்ணுமே தேறாமப் போகலாம், ஆனா கருப்பு வெள்ளை கெமிக்கல்ல கழுவினா ஏதாவது தேற வாய்ப்பு ஜாஸ்தி, அதனால அப்படித்தான் கழுவினேன். பதினோரு படம் வந்துச்சு. புள்ளி புள்ளியா, மங்கலா. அதுல ஒண்ணுல எங்க அப்பத்தா கிணத்தடியில காலை நீட்டி உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டு இருக்காங்க, உரல் மேல இருக்குற கை மட்டும் ஆடி லேசா கலைஞ்சிருக்கு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தக் கேமரா இனி பீரோக்குள்ள போகாது.

சரி, ரோல் இல்லன்னு உறுதியானதும் ரீவைண்ட் குமிழ மேல இழுங்க, பின்மூடி திறந்துக்கும். மூடி ஓரத்துலயும் உடம்புல அது உக்கார்ற பள்ளத்துலயும் கருப்பா ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும், வெளிச்சம் உள்ள கசியாம தடுக்குறது அதுதான். பழைய கேமராவுல அது தார் மாதிரி பிசுபிசுன்னு ஆகியிருக்கும், தீக்குச்சி முனையாலயும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சாலயும் சுரண்டி எடுத்துட்டு புது ஸ்பாஞ்ச் ஒட்டணும். படம் எடுக்கும்போது திறந்து மூடுற, துணி மாதிரி இருக்குற ஷட்டர் திரைய மட்டும் கையால தொட்டுராதீங்க. இப்ப மூடி திறந்தபடியே ஜன்னல் பக்கம் பிடிச்சு, ஒரு செகண்ட்ல வச்சு ஷட்டர தட்டுங்க, அப்புறம் 1/30, அப்புறம் 1/1000, ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் தெரியணும், வேகம் கூடக்கூட மின்னல் மாதிரி வெட்டிட்டுப் போகணும். ஒரு செகண்ட் வச்சா மூணு செகண்ட் திறந்தே நிக்குதுன்னா உள்ள எண்ணெய் காஞ்சிருக்கு, சர்வீஸ் வேணும். தெரியாம நாமளே கழட்டுறது வேண்டாம்.

அடியில காசு வச்சுத் திருகுற பேட்டரி மூடி இருக்கும். உள்ள பச்சையா வெள்ளையா பூத்திருந்தா பழைய பேட்டரி ஒழுகியிருக்கு, காட்டன் பட்ல துளி வினிகர் தொட்டுத் தேச்சா பெரும்பாலும் போயிரும், அப்புறம் நல்லா காயவிட்டு எல்ஆர்44 பேட்டரி ஒண்ணு போடுங்க. கே1000-ல பேட்டரி வெளிச்சத்த அளக்குற முள்ளுக்கு மட்டும்தான், ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்லயும் பல்சக்கரத்துலயும் ஓடுறது, பேட்டரியே இல்லன்னாலும் படம் எடுக்கும். 1976-ல ஆரம்பிச்சு 1997 வரைக்கும் இந்த மாடல செஞ்சு வித்தாங்கன்னா காரணம் இந்த எளிமைதான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, மீட்டர ஆஃப் பண்ண சுவிட்சே கிடையாது, லென்ஸ் மூடிய போட்டு வச்சாதான் பேட்டரி நிக்கும்.

லென்ஸ டார்ச் வெளிச்சத்துல பாருங்க. வேர் மாதிரி, சிலந்திவலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ். நம்ம ஊர் ஈரத்துக்கு இது சகஜம். ஓரத்துல லேசா இருந்தா படத்துல பெருசா தெரியாது, நடுவுல பரவியிருந்தா ஆள் வச்சு சுத்தம் பண்ணணும். இனிமே தோல் கவர்ல பூட்டி வைக்காதீங்க, அந்தத் தோலே ஈரத்த இழுத்து வச்சுக்கும், காத்துப் புகாத டப்பாவுல சிலிகா ஜெல் போட்டு வைங்க.

அடுத்து ரோல். ஒரு காலத்துல நம்ம ஊட்டியிலயே ஃபிலிம் செஞ்சாங்க, 1960-ல ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ங்குற பேர்ல கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்துச்சு, கம்பெனி மூடியாச்சு, அந்த ஏரியாவுக்கு இந்து நகர்ங்குற பேர் மட்டும் நிக்குது. இப்ப நமக்குக் கிடைக்கிறது எல்லாம் இறக்குமதிதான். முதல் ரோலுக்கு கலர்னா கோடக் கோல்ட் 200, கருப்பு வெள்ளைன்னா இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் 400, ரெண்டுமே தப்பு பண்ணாலும் தாங்கும். தேதி முடிஞ்ச ரோல் சல்லிசா வருதுன்னு முதல் தடவையே வாங்காதீங்க, படம் சரியா வரலன்னா தப்பு கேமராவா ரோலா நம்மளான்னே தெரியாது.

நெகட்டிவ் ஃபிலிமோட குணம் ஒண்ணு இருக்கு, போன் கேமராவுக்கு நேர் தலைகீழ். வெளிச்சம் கூடினா தாங்கிக்கும், குறைஞ்சா தாங்காது. நிழல்ல பதியாத விவரம் பதியாததுதான், அப்புறம் என்ன பண்ணாலும் கொண்டு வர முடியாது. ஆனா மத்தியான வெயில்ல நிக்கிறவரோட வெள்ளை வேட்டி மடிப்பு போன்ல வெளுத்து ஒரே வெள்ளையா போற இடத்துல ஃபிலிம்ல மடிப்பு மடிப்பா நிக்கும், அத முதல் தடவை பாத்தப்பதான் எனக்கு இதுல உண்மையிலேயே பைத்தியம் பிடிச்சுச்சு. அதனால சந்தேகம் வந்தா வெளிச்சத்த ஒரு படி, அதாவது ரெண்டு மடங்கா, கூட்டிக்கோங்க.

ரோல் மாட்டுறதுதான் இதுல முக்கியமான வேலை, இங்க அவசரமே கூடாது. நேர் வெயில்ல நிக்காம நிழலுக்கு வாங்க. ரோல் டப்பாவ இடது குழியில வச்சு ரீவைண்ட் குமிழ கீழ அமுக்குங்க. ஃபிலிம் நாக்க இழுத்து வலது பக்க உருளையில இருக்குற பிளவுக்குள்ள சொருகுங்க. வலது பக்கம் மேல இருக்குற, ஃபிலிம நகத்துற லீவர ஒரு தடவை இழுங்க, மேல கீழ ரெண்டு வரிசை ஓட்டையிலயும் பல் சரியா மாட்டிருக்கான்னு கண்ணால பாத்துட்டு அப்புறம்தான் மூடணும். மூடினதும் ரீவைண்ட் குமிழ லேசா சுத்தி உள்ள இருக்குற தொய்வ எடுத்துருங்க, இப்ப லீவர இழுக்கும்போது இடது பக்கக் குமிழ் தானா எதிர்ப்பக்கமா சுத்தணும். சுத்துனா ஃபிலிம் ஓடுது, சுத்தலன்னா ஓடல, உடனே திறந்து மறுபடி மாட்டுங்க. இத நான் இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு காரணம், என் சித்தி மகளோட வளைகாப்புக்கு இந்தக் கேமராவ தூக்கிட்டுப் போய் முழு நாளும் எடுத்தேன், கவுண்டர் 36 தாண்டி 38 காட்டுது, லீவர் இன்னும் லேசா இழுக்க வருது, அப்பதான் வயிறு கலங்குச்சு. நாக்கு பிளவுல இருந்து நழுவியிருக்கு, ஒரு படம் கூட பதியல. கண்ணாடி வளையல் அடுக்கின அவ கைய ஜன்னல் வெளிச்சத்துல எடுத்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு லீவர் இழுப்புக்கும் இடது பக்கக் குமிழ பாக்குறது அன்னைல இருந்து பழக்கமாயிருச்சு.

மூடினதும் ரெண்டு வெத்துப் படம் தட்டி கவுண்டர 1-க்கு கொண்டு வாங்க, ஷட்டர் வட்டத்தோட வெளி வளையத்த தூக்கித் திருப்பி ஐஎஸ்ஓ எண்ண, அதாவது ஃபிலிம் எவ்ளோ வெளிச்சம் கேக்கும்னு சொல்ற 200, 400 மாதிரி எண்ண, வைங்க. கோல்ட் 200-க்கு நான் 100-ல வைப்பேன், மேல சொன்ன வெளிச்சக் கணக்குதான்.

வ்யூ ஃபைண்டர்ல வலது ஓரத்துல ஒரு முள்ளு தெரியும், அது நடுவுக்கு வர்ற மாதிரி அப்பர்ச்சரையும் (லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற துளை, எஃப் எண் சின்னதானா துளை பெருசு) ஷட்டரையும் (திரை திறந்திருக்குற நேரம்) மாத்தணும், அவ்ளோதான். ஆனா அந்த மீட்டர் காட்சி மொத்தத்தையும் சராசரி எடுக்கும், அதனால பளீர்னு வானம் பாதிக்கு இருந்தா ஏமாந்து ஆள் முகம் இருண்டு போயிரும். கேமராவ கொஞ்சம் கீழ சாச்சு தரையும் ஆளும் மட்டும் தெரியும்போது முள்ள சரி பண்ணிட்டு, அப்புறம் தூக்கி ஃபிரேம் வைங்க. மீட்டர் செத்துப் போச்சுன்னாலும் கவலை இல்ல, நல்ல வெயில்ல அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்துல உள்ளது, அதாவது 200 ஃபிலிம்னா 1/250. மேகம் மூடியிருந்தா எஃப் 8, திண்ணை நிழல், மரத்தடின்னா எஃப் 5.6 இல்ல எஃப் 4. ரெண்டு ரோல் ஓட்டினா கண்ணே வெளிச்சத்த அளக்க ஆரம்பிச்சிரும். ஷட்டர் 1/60-க்கு கீழ போனா சுவத்துல சாஞ்சு மூச்ச பிடிச்சுக்கோங்க.

ஃபோகஸுக்கு நடுவுல சின்ன வட்டம் இருக்கு, ஃபோகஸ் இல்லாதப்ப மினுமினுன்னு சிதறி நிக்கும், லென்ஸ திருப்பிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல டக்குனு தெளிவாயிரும். ஆள எடுத்தா கண்ணுல வைங்க.

முப்பத்தாறுதான் இருக்குன்னு தெரிஞ்சதும் நாம பாக்குற விதமே மாறுது. ஒரு டீக்கடைக்காரர எடுக்கணும்னா முதல்ல ஒரு டீ குடிச்சு, எந்தப் பக்கத்துல இருந்து வெளிச்சம் வருது, எந்த நிமிஷத்துல டீய தூக்கி ஆத்துறார்னு பாத்துட்டு ஒரே ஒரு தடவை தட்டுவேன். போன்ல நாப்பது எடுத்துட்டு வந்து ஒண்ணையும் திரும்பப் பாக்காத ஆளு நான். 2024-ல பென்டாக்ஸ் கம்பெனியே பென்டாக்ஸ் 17-ன்னு புதுசா ஒரு ஃபிலிம் கேமரா போட்டுச்சு, இந்த நிதானத்துக்கு ஏங்குறவங்க நிறைய பேர் இருக்காங்கங்குறதாலதான் போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

ரோல் முடிஞ்சதும் லீவர் கெட்டியா நிக்கும், பலமா இழுக்காதீங்க, கிழிஞ்சிரும். அடிப் பட்டன அமுக்கி ரீவைண்ட் பண்ணுங்க, கடைசியில ஃபிலிம் உருளைல இருந்து விடுபடுறது கையில தெரியும், அதுக்கப்புறம்தான் மூடி. சித்திரை வெயில்ல கார்ல விட்டுட்டுப் போகாதீங்க. ஃபிளைட்ல போனா ரோல செக்-இன் பெட்டியில போடாதீங்க, கையில வச்சு, மெஷின்ல விடாம கையால பாக்கச் சொல்லிக் கேளுங்க, ஏர்போர்ட்ல இப்ப வர்ற சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் எந்த ஃபிலிமையும் புகை அடிச்ச மாதிரி ஆக்கிரும்.

கலர் ரோல லேபுக்கு குடுங்க, கலர் கழுவுற சி-41 கெமிக்கல 38 டிகிரியில அசையாம வச்சிருக்கணும், வீட்ல கஷ்டம். குடுக்கும்போது ‘நெகட்டிவ் திருப்பி வேணும்’னு கவர் மேலயே எழுதச் சொல்லுங்க, ஸ்கேன மட்டும் அனுப்பிட்டு நெகட்டிவ தூக்கிப் போடுற இடம் இருக்கு. ஸ்கேன் ஒரு நகல்தான், நெகட்டிவ்தான் படமே.

கருப்பு வெள்ளைய வீட்லயே கழுவலாம். வெளிச்சம் புகாத ஒரு டேங்க், உள்ள ஃபிலிம சுத்தி வைக்கிற ரீல், படத்த வெளிக்கொண்டு வர்ற டெவலப்பர், அத நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர், தெர்மாமீட்டர் போதும். வீணான ரோல் ஒண்ண வச்சு பகல்லயே பத்து தடவை ரீல்ல சுத்திப் பழகுங்க, அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, அப்புறம் நிஜமான இருட்டுல, ராத்திரி ஜன்னல் இல்லாத ரூம்ல கதவடியில துண்டு அடைச்சுட்டு. ரீல்ல துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் சிக்கிக்கும், கை வியர்வையும் அப்படித்தான், துடைச்சுக்கிட்டே இருங்க. எச்பி5-ஐ ஐடி-11 டெவலப்பர்ல, கரைச்சு வச்சதுல மேல தண்ணி கலக்காம, 20 டிகிரியில ஏழரை நிமிஷம். நம்ம குழாய்த் தண்ணி 30 டிகிரி இருக்கும், அதுல அப்படியே ஏழரை நிமிஷம் கழுவினா நெகட்டிவ் ரொம்ப கருத்துப் போயிரும், அதனால ஒரு பேசின்ல ஐஸ் தண்ணி வச்சு கெமிக்கல் பாட்டில எல்லாம் அதுக்குள்ள நிக்க வைங்க, ஐஸ நேரா கெமிக்கல்ல போட்டா கலவை நீர்த்துரும். முதல் பத்து செகண்ட் டேங்க கவுத்து நிமித்துங்க, அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் பத்து செகண்ட். கொட்டிட்டு ஒரு தடவை தண்ணில அலசி ஃபிக்ஸர் அஞ்சு நிமிஷம், அப்புறம் நல்லா தண்ணில கழுவணும். பழைய ஃபிக்ஸர்ல வெள்ளி கரைஞ்சிருக்கும், வாய்க்கால்லயோ செடிக்கோ ஊத்தாம கேன்ல சேத்து லேப்ல குடுங்க.

ஈரத்தோட ஃபிலிம ரீல்ல இருந்து உருவும்போது லைட்டுக்கு நேரா தூக்கிப் பாருங்க. ஃபேன ஆஃப் பண்ணிட்டு துணிக் கிளிப்ல தொங்கவிடுங்க, காத்து அடிச்சா தூசி ஒட்டிக்கும். காஞ்சதும் ஆறாறா வெட்டி கவர்ல போட்டு, கவர் மேல பென்சில்ல எழுதுங்க. அப்பா அவரோட கவர் எல்லாத்துலயும் வருஷமும் ஊரும் மட்டும் எழுதி வச்சிருக்கார், காரைக்குடி 1988, பழனி 1991-ன்னு. பழனி கவர்ல அப்பா பக்கத்துல தோள்ல கை போட்டு நிக்கிறவர் யாருன்னு வீட்ல யாருக்கும் தெரியல, கேக்க அப்பாவும் இல்ல, அதனால நான் ஊருக்குக் கீழ பேரையும் எழுதிடுறேன்.