எச்.ஓ. லேஅவுட்டுக்கு எரியும் சிக்னல்: முதல்முறை செய்பவர்களுக்கு

எச்.ஓ. என்பது அசலைவிட 87 மடங்கு சிறிய (1:87) மாதிரி ரயில்; லேஅவுட் என்பது அது ஓடும் தண்டவாள அமைப்பு. அதில் கடையில் கிடைக்கும் ஐரோப்பிய சிக்னலுக்குப் பக்கத்தில் நம் டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சின் நின்றால் ஒட்டவே ஒட்டாது. இந்திய ரயில்வேயின் மூவண்ண சிக்னலை வீட்டிலேயே செய்துவிடலாம், செலவும் குறைவு.

முதலில் வரிசை. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், அடியில் சிவப்பு. சாலை சிக்னலுக்கு நேர் தலைகீழ். லோகோ பைலட்டின் கண்மட்டத்துக்கு அருகில் சிவப்பு இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். அதனால் கம்பத்தின் உயரத்துக்குக் கணக்கு எதுவும் வேண்டாம். உங்கள் எஞ்சினைப் பக்கத்தில் நிறுத்தி, சிவப்பு விளக்கு கேபின் ஜன்னலுக்கு நேராக வரும்படி குறித்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: 3 மி.மீ. எல்.இ.டி. மூன்று, 3 மி.மீ. பித்தளைக் குழாய், பழைய ஏ.டி.எம். கார்டு, ரெசிஸ்டர்கள் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடைகள்), மூன்று நிலை ரோட்டரி சுவிட்ச் (திருப்பும் சுவிட்ச்), 5 வோல்ட் மொபைல் சார்ஜர். மெல்லிய எனாமல் கம்பியும் வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 34 கேஜ் கம்பி கேளுங்கள். 3 மி.மீ. எல்.இ.டி. 1:87 அளவில் கொஞ்சம் பெரிதுதான் (அசலில் 26 செ.மீ. ஆகிவிடும்). ஆனால் கை பழகும்வரை இதுவே போதும்.

1. கார்டில் 7 மி.மீ. அகலம், 17 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மையத்துக்கு மையம் 4.5 மி.மீ. இடைவெளியில் மூன்று துளை போடுங்கள். முன்னும் பின்னும் கறுப்பு பெயின்ட்.

2. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு எல்.இ.டி.யையும் 3 வோல்ட் காசு செல்லில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். நீளக் கால் பாசிட்டிவ். அப்புறம் பின்புறமிருந்து செருகி ஒட்டுங்கள்.

3. மூன்று நீளக் கால்களையும் சேர்த்து, குழாயின் உச்சியில் சால்டர் செய்யுங்கள். குழாயே பாசிட்டிவ் வயர் ஆகிவிடும், உள்ளே ஒரு கம்பி குறையும். குழாய் தண்டவாளத்தில் படக் கூடாது. குட்டைக் கால்களில் எனாமல் கம்பிகளைப் பற்றவைத்துக் குழாய்க்குள் இறக்குங்கள். கம்பி நுனியில் எனாமலைச் சுரண்டாவிட்டால் ஈயம் பிடிக்காது.

4. எல்.இ.டி.களின் முதுகில் கறுப்பு பெயின்ட் பூசுங்கள். பலரும் விடுவது இதைத்தான். பூசாவிட்டால் சிவப்பு எரியும்போது மஞ்சளும் மங்கலாக எரிவதுபோலத் தெரியும்.

5. பலகைக்கு அடியில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ரெசிஸ்டர். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட். 680 ஓம் போட்டால் 4 மில்லிஆம்பியருக்குச் சற்று அதிகமாக ஓடும், அது தாராளம். மஞ்சளுக்கும் அதே. பச்சை கண்ணைக் குத்தினால் 2.2 கிலோ ஓம் வரை ஏற்றுங்கள். ரெசிஸ்டரின் மறுமுனை சுவிட்சுக்கு, சுவிட்சின் பொதுமுனை நெகட்டிவுக்கு.

சரி, கையால் திருப்பினால் எரிகிறது. தானாக மாற வேண்டுமா? சுவிட்சை எடுத்துவிட்டு அர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் குட்டி சர்க்யூட் போர்டு) வையுங்கள். குழாய் நானோவின் 5 வோல்ட் முனைக்கும், ஒவ்வொரு ரெசிஸ்டரும் அதன் ஒரு டிஜிட்டல் முனைக்கும் போகும். பாசிட்டிவ் பொதுவாக இருப்பதால் அந்த டிஜிட்டல் முனை 'லோ' (0 வோல்ட்) ஆனால்தான் விளக்கு எரியும். ஒவ்வொரு சிக்னலையும் தாண்டியதும் ரயில் கடப்பதை உணரும் ஒரு ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சார். ரயில் சிக்னலைத் தாண்டினால் சிவப்பு, முழுதாக அடுத்த சிக்னலைத் தாண்டியதும் மஞ்சள், அதற்கும் அடுத்ததைத் தாண்டியதும் பச்சை. டைமர் வைத்து மாற்றுவது சுலபம், ஆனால் நடுவில் ரயில் நின்றுவிட்டால் பின்னால் பச்சை விழுந்துவிடும். எனக்கு அது பிடிக்காது. பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை சென்சார் 'ரயில் போய்விட்டது' என்று எண்ணிக்கொள்ளும், எனவே 2 விநாடி தொடர்ந்து காலியாக இருந்தால் மட்டும் நம்பும்படி எழுதுங்கள்.

நிரல் தொடங்கும்போது எல்லா சிக்னலும் சிவப்பாகவே இருக்கட்டும். 1872-ல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டும் இப்படித்தான்: தண்டவாளத்தில் மின்சாரம் ஓடினால்தான் அனுமதி, ரயில் வந்தாலும் வயர் அறுந்தாலும் ரிலே (மின்காந்த சுவிட்ச்) விழுந்து சிவப்பாகிவிடும்.

நடும்போது தண்டவாளத்துக்கு இடதுபக்கம். தானியங்கி சிக்னல் என்றால் கம்பத்தில் கறுப்பில் 'ஏ' எழுத்து போட்ட வெள்ளை வட்டத் தகடு ஒன்றும் ஒட்ட வேண்டும்.