ஐரோப்பிய கேரல்: குயர்கள் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் பிறந்ததும் தேவாலயப் பாடகர் குழுக்களான நம் குயர்களில், ஃபைலில் இருக்கிற எல்லா கேரலையும், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டுகளையும், கலந்துகட்டிப் பாடத் தொடங்கிவிடுகிறோம். முதல் சறுக்கல் அங்கேதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்பு வாரங்களான திருவருகைக்காலத்துக்கென்று தனிப் பாட்டுகள் உண்டு. லத்தீனில் ‘வேனி, வேனி, எம்மானுவேல்’ அப்படி ஒன்று. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் பாடும், ‘ஓ’ என்று தொடங்கும் ஏழு அழைப்புகளிலிருந்து வந்தது. “வாரும்” என்று கெஞ்சுகிற அந்தப் பாட்டை 25ஆம் தேதி பாடினால், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியிடம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்ட கதைதான். போலந்துக்காரர்கள் பழைய வழக்கத்தில் கறார். ‘கொலெண்டா’ எனும் கிறிஸ்துமஸ் பாட்டை 24 மாலை வரை தொடமாட்டார்கள். தொட்டால் பிப்ரவரி 2 வரை விடமாட்டார்கள்.

அடுத்து, ‘ஷ்டில்லெ நஃட்’; ஆங்கிலத்தில் ‘சைலண்ட் நைட்’ என்று பாடும் ஜெர்மன் பாட்டு. யோசெஃப் மோர் 1816இல் எழுதிய கவிதைக்கு ஃப்ரான்ட்ஸ் க்ரூபர் மெட்டமைத்து, 1818 டிசம்பர் 24 அன்று சால்ஸ்பர்க் அருகே ஓபெர்ன்டார்ஃபில் இருவரும் பாடினார்கள். துணைக்கு ஒரு கிட்டார். தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தை எலி கடித்துவிட்டதால்தான் கிட்டார் என்பதற்கு ஆதாரம் கிடையாது; அறிமுக உரையில் அதை வரலாறாகச் சொல்லிவிடாதீர்கள். பாட்டு 6/8 தாளம். ஆறு ஆறாக எண்ணினால் சவ ஊர்வலம் ஆகிவிடும். இரண்டாக எண்ணுங்கள், தொட்டில் தானே ஆடும்.

உச்சரிப்பில்தான் மானம் போகிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஸ்டில் நாக்ட்’ என்று பாடுகிறார்கள். ‘அஃது’ என்கிறோமே, அந்த ஆய்தத்தைத் தொண்டையில் கொஞ்சம் உரசவிட்டால் ஜெர்மன் ஒலி வந்துவிடும். நம்மிடமே இருக்கிற எழுத்து அது! பிரெஞ்சுக்கும் நம் புணர்ச்சி உதவும். ‘அவர் பிறந்தார்’ என்று தொடங்கும் பிரெஞ்சு கேரலை ‘இல் எ நே’ என்று மூன்றாக வெட்டாதீர்கள். பால், ஆடை சேர்ந்து பாலாடை ஆவதுபோல் அது ‘இலெ நே’.

‘ஓ டானன்பவும்’ எனும் ஜெர்மன் பாட்டில் குழந்தை இயேசுவைத் தேடவே வேண்டாம். என்றும் பச்சையாய் நிற்கும் மரத்தின் விசுவாசத்தைப் பற்றியது, அவ்வளவுதான்.

‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’ விஷயம் இன்னும் வேடிக்கை. உக்ரைனின் மிகோலா லெயொன்டோவிச் அமைத்து 1916இல் கீவில் அரங்கேறிய ‘ஷ்செட்ரிக்’ ஒரு புத்தாண்டுப் பாட்டு. தகைவிலான் குருவி ஒன்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பட்டியில் ஆடு குட்டி ஈன்றிருக்கிறது பார் என்கிறது. மணிகள் 1936இல் அமெரிக்காவில், ஆங்கில வரிகளோடு வந்து ஒட்டிக்கொண்டவை. உக்ரைனியச் சொற்களிலேயே பாடினால் மணியோசை மாதிரி இடிக்காமல், குருவி மாதிரி லேசாகத் தொடங்குங்கள். நான்கே சுரங்கள் விடாமல் சுழல்கின்றன. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் சுழற்சி அறுந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று ஒத்திகையிலேயே பேசி, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.