‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டை ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்கு வேடிக்கையாக எழுதுவது எப்படி?

குழந்தைப் பாட்டு ஒன்றைப் பெரிய செவ்வியல் உருப்படி போல எழுதிச் சிரிக்கவைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இசையையே கோமாளித்தனமாக எழுதிவிடுகிறார்கள். அபஸ்வரங்களும் திடீர்க் கூச்சல்களும் ஒருமுறை சிரிப்பூட்டும். இரண்டாம் முறை சலிப்பூட்டும். எழுத்து முழுக்க முழுக்க இலக்கண சுத்தமாக இருக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் காலத்து முறைப்படி கம்பீரமாகப் போய்க்கொண்டிருக்கும் இசைக்குள், நாம் எல்லோரும் மழலை வகுப்பில் பாடிய மெட்டு வந்து உட்காரும்போதுதான் அரங்கம் கலகலக்கும்.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட குவார்டெட்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டு. 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் வழங்கிய மெட்டு அது. ஆங்கில வரிகள் பின்னால் வந்து சேர்ந்தவை. மோட்சார்ட் இதை வைத்துப் பியானோவுக்கு எழுதிய 12 வேரியேஷன்கள் (ஒரே மெட்டை விதவிதமாக உருமாற்றும் பகுதிகள்) 1785-இல் வியன்னாவில் அச்சாயின.

எழுதத் தொடங்குமுன் மெட்டின் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஸ ஸ ப ப த த ப, ம ம க க ரி ரி ஸ’ என்று தொடங்கி, நடுவில் ‘ப ப ம ம க க ரி’ இருமுறை வந்து, முதல் வரிகளுக்கே திரும்புகிறது. ஆக 6 துண்டுகள், துண்டுக்கு 7 ஸ்வரங்கள், மொத்தம் 42. ஸட்ஜமத்திலிருந்து தைவதம் வரை ஆறே ஸ்வரங்களுக்குள் அடங்குவதால் எந்தக் கருவியிடமும் தயங்காமல் கொடுக்கலாம். ஜி மேஜரில், அதாவது ஜி ஸ்வரத்தை ஸட்ஜமமாக வைத்து, எழுதுவது நல்லது. ஏனென்றால் அப்போது ஸட்ஜமமும் பஞ்சமமும் நான்கு கருவிகளிலுமே திறந்த தந்திகளில் கிடைக்கும், ஒலியும் கணீரென்று இருக்கும்.

முதலில் மெட்டை மறைத்து ஒரு முன்னுரை எழுதுங்கள்: ஜி மைனரில் (அதே ஸட்ஜமத்தில் அமைந்த சோகமான ஸ்வர வரிசை), மிக மெதுவாக, எட்டு பார்கள் (தாளச் சுற்றுகள்), செல்லோவின் கனத்த கீழ் ஸ்வரங்களோடு, பெரிய துயரம் ஒன்று வரப்போவது போல. கடைசியில் ஸட்ஜமத்துக்குத் திரும்பத் துடிக்கும் டி செவன்த் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எல்லோரும் நிற்க வேண்டும். நீண்ட மௌனத்துக்குப் பின், முதல் வயலின் மட்டும் பிட்சிகாட்டோவில், அதாவது வில் இல்லாமல் விரலால், ‘ஸ ஸ ப ப’ என்று சுண்டட்டும். ஹங்கேரிய இசையமைப்பாளர் டோனான்யி 1914-இல் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய வேரியேஷன்களில் இதே மெட்டை இப்படித்தான் கொண்டுவந்தார். இன்றைக்கும் அந்த இடத்தில் கேட்பவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

இந்த முதல் வருகையில் மெட்டு துல்லியமாகக் கேட்க வேண்டும். என் முதல் முயற்சியில், 42 ஸ்வரங்களையும் நான்கு கருவிகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒத்திகை கேட்க வந்த குழந்தைகளில் ஒருவருக்கும் பாட்டு பிடிபடவில்லை. தெரிந்ததைக் காட்டிய பிறகுதான் அதை உருமாற்ற வேண்டும்.

வேரியேஷன்கள் மூன்று போதும். ஒன்றில் வேகத்தை முரண்படுத்துங்கள்: செல்லோ ஒரு ஸ்வரத்துக்கு ஒரு முழு பார் என்று இழுத்து வாசிக்க, மேலே வயலின்கள் பதினாறாம் பகுதி ஸ்வரங்களில் பறக்கட்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் செயின்ட்-சான்ஸ் 1886-இல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’வில், துள்ளலான கான்கான் நடனத்தை ஆமைக்காக ஊர்ந்து போகவிட்டது இதற்கு நெருங்கிய உத்தி. இன்னொன்றில் காந்தாரத்தையும் தைவதத்தையும் இறக்கி, நமக்குத் தெரிந்த கீரவாணி போல மைனருக்கு மாற்றி, தனி வயோலாவிடம் இரங்கல் நடையில் கொடுங்கள்.

மூன்றாவது ஃபியூக்: ஒரே கருவை ஒவ்வொரு கருவியும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிச் செல்லும் வடிவம். நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஏழே ஸ்வரம் கொண்ட முதல் துண்டு அருமையான கருவாக அமைகிறது. வயோலா ‘ஸ ஸ ப ப’ என்று தொடங்கினால், அடுத்து நுழையும் இரண்டாம் வயலின் இலக்கணப்படி ‘ப ப ஸ ஸ’ என்று மேல் ஸட்ஜமத்துக்குத் தாவிப் பதில் சொல்ல வேண்டும். பிறகு முதல் வயலின், கடைசியில் செல்லோ. இங்கே கருவோடு கூடவே ஒலிக்கும் எதிர்மெட்டை அக்கறையாக எழுதுங்கள், இணை ஐந்தாம்கள் (இரண்டு குரல்கள் ஸ–ப இடைவெளி மாறாமல் சேர்ந்தே நகர்வது; பழைய இலக்கணத்தில் பிழை) எங்கும் நுழையாமல் பாருங்கள். பாட்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அதைச் சுற்றியுள்ள உழைப்பு பெரிதாகத் தெரிய வேண்டும்.

முடிவுக்கு ஹைடனிடம் போகலாம். 1781-இல் அவர் எழுதிய ஓபஸ் 33, எண் 2 குவார்டெட்டின் இறுதிப் பகுதியில், முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடங்களில் எல்லாம் மௌனம் விழுந்து இசை மீண்டும் எழும்; கடைசியாக நீண்ட மௌனத்துக்குப் பின் தொடக்க வரியே மெல்ல ஒலித்து நின்றுவிடும். நம் பாட்டில், ‘ரி ரி’ வரை வந்து இரண்டு பார் நிறுத்தி, பிறகு ‘ஸ’ கொடுங்கள். கைதட்டல் எழும் முன்பே முதல் துண்டை மட்டும் மிக மெல்ல வாசித்து, பஞ்சமத்தில் தொங்கவிட்டு முடியுங்கள்.

ஒத்திகையில் வாசிப்பவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: யாரும் கண்ணைச் சிமிட்டவோ புன்னகைக்கவோ கூடாது. கடைசிப் பஞ்சமத்துக்குப் பிறகு, அடுத்த வரி வரப்போகிறது என்பது போல நால்வரும் வில்லைத் தந்திமேலேயே வைத்துக்கொண்டு, மனத்துக்குள் எட்டு எண்ணும் வரை அசையாமல் இருக்கட்டும்.