ஊருக்கு ஒருவராய்ப் பிரிந்திருக்கும் வீரர்கள்: உடல்தகுதிக்கு 8 வாரத் திட்டம்

முகாமில் விசில் அடித்தால் எல்லோரும் மைதானத்தில் நிற்பார்கள். சாப்பாடு மெஸ்ஸில் தயார். அதே வீரர்கள் தொலைதூரக் காவல் பணி, ஆள்சேர்ப்பு அலுவலகம் என்று சிதறிவிட்டால் விசிலும் இல்லை, மெஸ்ஸும் இல்லை. ஓட்டத்தை அடியோடு விட்டால் சில வாரங்களிலேயே மூச்சுத்திறன் குறையத் தொடங்கும். தசைவலு அவ்வளவு சீக்கிரம் போகாது. அணித்தலைவர் முதலில் காப்பாற்ற வேண்டியது ஓட்டத்தைத்தான்.

1. தொடக்க அளவு

முதல் நாள் 2 நிமிடத் தண்டால், பிளாங்க் (முன்கைகளை ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), உடல் எடை, இடுப்புச் சுற்றளவு. ஒரு நாள் ஓய்வுக்குப் பின் 3 கி.மீ. ஓட்டம். இடுப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். எண்களைத் தலைவர் மட்டும் பார்த்தால் போதும். தரவரிசை போட்டுக் குழுவில் அனுப்பினால், உதவி தேவைப்படும் கடைசி ஆள்தான் முதலில் பேச்சை நிறுத்துவார்.

2. வாரப் பயிற்சி

கருவி ஏதும் வேண்டாம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30 நிமிடம், இரண்டு நாள். இன்னொரு நாள் 400 மீட்டர் வேக ஓட்டம் 4 முறை, இடையே 2 நிமிட ஓய்வு. வலுப் பயிற்சி இரண்டு நாள்: தண்டால், ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ஜ் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கித் தாழ்வது), பிளாங்க், மூன்று சுற்று, இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். வாரம் விட்டு வாரம் ஒரு மெது ஓட்டத்துக்குப் பதில் 10 கிலோ பையுடன் 4 கி.மீ. நடை.

பை எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். விட்ட பயிற்சியை ஒரே வாரத்தில் ஈடுகட்டப் போகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழுள்ள முன்காலெலும்பில் விரிசல் வருகிறது. தசைவலி பரவலாக இருக்கும். எலும்பில் விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

3. சாப்பாடு

உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு நாளுக்கு 100–110 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 25 சொச்சம். ஒரு முட்டை 6 கிராம், 200 மி.லி. பால் 7, வெந்த பருப்பு 200 கிராம் சுமார் 18. தனியாக இருப்பவர் சறுக்குவது இரவுப் பணியில்தான்: பசி வந்தபின் கையில் கிடைப்பது பிஸ்கட் பாக்கெட். விடுப்பு நாளில் பருப்பும் முட்டையும் வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, 3 நாளுக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.

எடை குறைக்க வேண்டியவருக்கு வாரம் அரை கிலோ போதும். எடை பார்க்கும் நாளுக்கு முன் பட்டினி கிடந்து, தண்ணீரையும் குறைத்து, வெயிலில் ஓடி வியர்ப்பது கொழுப்பைக் கரைக்காது. வெப்பத்தாக்கில்தான் கொண்டுபோய் விடும்.

4. வாரம் ஒரு செய்தி

மூன்று எண்கள்: பயிற்சி நாட்கள், சராசரித் தூக்க மணி, 10-க்கு எவ்வளவு கஷ்டம். கூடவே வலி இருந்தால் எந்த இடத்தில். சாப்பாட்டுத் தட்டின் படமெல்லாம் கேட்காதீர்கள். வேவு பார்ப்பதாகத் தோன்றும். செய்திக்கு ஒரு நாளுக்குள் பதில் போடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் யாரும் அனுப்ப மாட்டார்கள். இரண்டு வாரம் மௌனமா? ஃபோன் செய்து முதலில் பணிநேரம் மாறியதா என்று கேளுங்கள். ஓட்டத்தைப் பற்றி அப்புறம்.

5. எட்டாம் வாரம்

தொடக்க அளவுகளை மறுபடி எடுங்கள்: அதே பாதை, அதே நேரம், அதே வரிசை. கடைசிக் கடும்பயிற்சி 3 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். எடை அப்படியே இருந்து இடுப்பு 2 செ.மீ. குறைந்திருந்தால் அதை முன்னேற்றமாகவே குறியுங்கள்.