இமேஜ் எடுக்கும் முன் விண்டோஸை ஒருமுறை திறந்து பாருங்கள்

போன வாரம், கடைக்கு வேலை பழக வந்திருக்கும் பையன் ஒரு லேப்டாப்பை மேசையில் வைத்த கையோடு எஃப்12 அழுத்தினான். இமேஜ் எடுக்க, அதாவது டிஸ்க்கை அப்படியே முழுதாக நகலெடுத்து வைக்க, குளோனெசில்லா என்ற மென்பொருள் இருந்த பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தான். பாதுகாப்பு மீறல் என்று திரை மறுத்தது. உடனே லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் நுழைந்து, தெரியாத மென்பொருளைத் தொடங்க விடாத செக்யூர் பூட்டை அணைக்கப் போனான்.

“கீ எடுத்தியாப்பா?”

“எந்த கீ அண்ணா?”

“பிட்லாக்கர் கீ.”

“இது ஹோம் எடிஷன் அண்ணா. இதுல பிட்லாக்கரே கிடையாது.”

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, கீ என்பது அந்தப் பூட்டைத் திறக்கும் மீட்பு எண். பையன் சொன்ன இதே பதிலை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்று மாற்றிக் கொடுத்து எல்லாவற்றையும் அழித்த கதைகளை இங்கே சொல்லப்போவதில்லை. அதில் ஒருமுறை அடிபட்டவன் மறுமுறை தானே நிதானமாகிவிடுவான். அடிபட்டதே தெரியாமல் வேலையை முடிக்க வைக்கும் தவறுகள்தான் எனக்குப் பயம்.

கீ இல்லாமல் இமேஜ் எடுப்பது

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து லேப்டாப் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அணைந்துவிடும். போர்டு கோளாறு. மாற்றுவதற்கு முன் 512 ஜிபி எஸ்எஸ்டியை முழுதாக இமேஜ் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். செக்யூர் பூட்டை அணைத்தேன், பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் ஏறினேன், வெளி டிஸ்க்கைச் செருகினேன், ஓடவிட்டேன்.

அலுவலகக்காரர் 90 ஜிபி அளவுக்குத்தான் ஃபைல் இருக்கும் என்று சொல்லியிருந்தார். விண்டோஸின் சாதாரண, பூட்டாத என்டிஎஃப்எஸ் பகுதியாக இருந்தால், தரவு இருக்கும் இடங்களை மட்டும் எடுத்துச் சுருக்கி, அதைவிடக் குறைவாகவே இமேஜ் வந்திருக்கும். அன்றைக்கு வந்தது கிட்டத்தட்ட எஸ்எஸ்டியின் முழு அளவு. சுருக்கமும் ஏறவில்லை. என்க்ரிப்ட் ஆன தரவு வெறும் இரைச்சல் மாதிரி இருக்கும், அதை எந்த மென்பொருளாலும் சுருக்க முடியாது. வெற்றிடம் எது, ஃபைல் எது என்று தெரியாததால் ஒவ்வொரு செக்டராக நகலெடுத்திருக்கிறது. திரையே அப்பட்டமாகச் சொன்னது. நானோ, “ஆடிட்டர் கணக்கு தப்பு, டிஸ்க் நிறைஞ்சிருக்கு போல” என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

போர்டு மாறியது. பழைய போர்டை மாற்றிக் கொடுத்தவரே எடுத்துக்கொண்டார். புது போர்டில் எஸ்எஸ்டியைப் போட்டு ஆன் செய்தால் நீலத் திரை, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. டிஸ்க்கைத் திறக்கும் சாவி பழைய போர்டில் இருந்த டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பூட்டப்பட்டிருந்தது, அந்த போர்டு போய்விட்டது. என் இமேஜும் அதே பூட்டின் அச்சு அசலான நகல், அவ்வளவுதான்.

யாரும் பிட்லாக்கர் போடவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். அது உண்மைதான். ஹோம் எடிஷனில் அதே வேலை ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்ற பெயரில் நடக்கிறது. லேப்டாப்பை முதன்முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறப்பவரிடம் கேட்காமலே அது இயங்கத் தொடங்கி, மீட்பு எண்ணை அவர் கணக்கில் போட்டுவிடுகிறது. இந்த லேப்டாப்பை முதலில் திறந்தது, அலுவலகத்தை விட்டு வளைகுடாவுக்குப் போய்விட்ட ஒரு பையன். பாஸ்வேர்டு அவனுக்கு நினைவில்லை. அந்தக் கணக்கில் இருந்த போன் நம்பரும் இப்போது அவனிடம் இல்லை. கடைசியில் ஒரு பழைய பென் டிரைவில் இருந்த டேலி பேக்கப் மட்டும்தான் அவர்களுக்கு மிஞ்சியது. கூலியை நான் வாங்கவில்லை. வாங்கவும் முகம் இல்லை.

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதற்குத்தான்: அந்த லேப்டாப் இரண்டு நாள் என் மேசையில் உயிரோடு இருந்தது. விண்டோஸ் திறந்தது. ஐந்து நிமிடம் போதும். அமைப்புகளில் ‘தனியுரிமை, பாதுகாப்பு’ பக்கத்தில் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து மேனேஜ்-பிடிஈ கட்டளையிடம் சி டிரைவின் ப்ரொடெக்டர்களை, அதாவது பூட்டைத் திறக்கும் வழிகளைக் கேட்டிருந்தால் 48 இலக்கமும் வரிசையாக வந்திருக்கும். ஒரு பேப்பரில் எழுதினால் முடிந்தது.

2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் 11 போடும்போது இன்னும் அதிகமான லேப்டாப்களில் இது தானாக ஆன் ஆகிறது. எனவே இப்போது என் கடையில் வரிசை இதுதான். முதலில் விண்டோஸ், கீ, எழுதி வைத்தல். போர்டு சந்தேகமாக இருந்தால் என்க்ரிப்ஷனையே அணைத்து, டிஸ்க் முழுதும் அவிழும்வரை காத்திருந்து, பிறகுதான் இமேஜ். லைவ் லினக்ஸில் ஏறிய பிறகு சந்தேகம் வந்தாலும் வழி உண்டு. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் விருப்பத்தோடு கொடுங்கள். என்டிஎஃப்எஸ் என்று வரவேண்டிய இடத்தில் பிட்லாக்கர் என்று இருந்தால் கையை எடுத்துவிட்டுத் திரும்பி விண்டோஸுக்குப் போங்கள்.

செக்யூர் பூட்டை அணைத்ததால் மட்டும் விண்டோஸ் எண் கேட்கிறது என்றால் பதற வேண்டாம். திரும்ப ஆன் செய்தால் பெரும்பாலும் பேசாமல் திறந்துவிடும். உபுண்டு அடிப்படையிலான குளோனெசில்லாவை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையிருக்காது.

டிஸ்க் தெரியவில்லை என்று பயாஸை மாற்றுவது

லைவ் லினக்ஸில் உள் டிஸ்க்கே காணோம் என்றால், பல இன்டெல் லேப்டாப்களில் காரணம் பயாஸில் சேமிப்பு முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருப்பதுதான். ஏஎச்சிஐக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும், சரி. ஆனால் அப்படியே விண்டோஸுக்குத் திரும்பினால், பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நீலத் திரையில் நிற்கும். பதறி விண்டோஸை மறுபடி நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய முறைக்கே மாற்றினால் போதும், எழுந்துவிடும். நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால், முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்துவிட்டு, பிறகு பயாஸை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறி, டிக்கை எடுங்கள். இதற்கும் கீ கையில் இருக்க வேண்டும்.

ஷட் டவுன் கொடுத்துவிட்டு வந்தேன் என்பது

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் அது முழு ஷட் டவுன் இல்லை, பாதித் தூக்கம். அந்த நிலையில் இமேஜ் எடுக்காதீர்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள்.

எஸ்டிஏ என்றால் உள் டிஸ்க் என்று நம்புவது

எஸ்டிஏ என்பது லினக்ஸ் ஒரு டிஸ்க்குக்கு வைக்கும் பெயர். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் அது அநேகமாக உங்கள் பென் டிரைவ். பெயரைப் பார்க்காதீர்கள். அளவையும் மாடலையும் பாருங்கள்.

சாகப்போகும் டிஸ்க்கில் திரும்பத் திரும்ப முயல்வது

டிஸ்க் கட கடவென்று சத்தம் போட்டால் குளோனெசில்லாவை விட்டுவிட்டு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளுக்கு மாறுங்கள். சுலபமாகப் படிக்க முடிவதை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் சுரண்டும். எதுவரை படித்தது என்பதை ஒரு மேப்ஃபைலில் குறித்துவைக்கும், அதனால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதிலும் ஒரு பள்ளம் உண்டு: அந்த மேப்ஃபைலை லைவ் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் வைத்துவிடுவார்கள். அது ரேமில் இருக்கிறது. மின்சாரம் போனால் மேப்ஃபைலும் போய்விடும், சாகும் டிஸ்க்கை முதலிலிருந்து வருத்த வேண்டியதுதான். இமேஜ் போகும் வெளி டிஸ்க்கிலேயே அதையும் வையுங்கள்.

பேட்டரியில் ஓட்டுவது

சார்ஜரைச் செருகுங்கள்.