ஷேவரின் விலைக்கு முன் அதன் தலை விலையைக் கேளுங்கள்

மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த ஷேவர் கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு நிமிடம்தான் உயிரோடு இருந்தது. பிளக்கைச் செருகினேன், பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது, அவ்வளவுதான். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் அது எழுதியிருந்ததைக் குப்பையில் போடப் போகும்போதுதான் படித்தேன்.

ஆகவே முதல் வேலை, சார்ஜரைப் புரட்டிப் பார்ப்பது. 100-240 வோல்ட் என்றிருந்தால் இங்கே பயமின்றிப் பாவிக்கலாம். 110 அல்லது 120 என்று மட்டும் இருந்தால், கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்லி அலுமாரியில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, வெளிநாட்டு ஷேவர்கள் பலவற்றில் இரண்டு பின்கள்தான் இருக்கும். சுவர் சொக்கெட்டின் மேல் துளைக்குள் பேனா மூடியைக் குத்திக்கொண்டு அதைத் திணிக்கும் கலையில் நம் வீடுகள் தேர்ந்தவை. வேண்டாம். 1 அம்பியர் பியூஸ் உள்ள ஷேவர் அடாப்டர் ஒன்றை மின்பொருள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் தாடியை அறிவது. கடைக்குப் போகுமுன் இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு, கண்ணாடியில் கழுத்தைப் பாருங்கள். முடி ஒரே திசையில் வளர்கிறதா, தாடைக்குக் கீழே சுழி சுழியாகப் போகிறதா?

அலுவலகத்துக்காகத் தினமும் சவரம் செய்கிறவர்களுக்கு வலைத்தகடு உள்ள வகை நல்லது. காகிதத்தைவிட மெல்லிய, துளையிட்ட தகட்டுக்குள் முடி நுழைய, அடியில் இப்படியும் அப்படியும் அசையும் பிளேடு அதை வெட்டும். நேர்கோட்டில் இழுக்க வேண்டும். மூன்று நான்கு நாள் தாடியை வைத்துக்கொண்டு ஞாயிறு காலையில் விழிக்கிறவர்களுக்கும் கழுத்தில் சுழி உள்ளவர்களுக்கும் சுழல்தலை வகை. அதை வட்டமாக நகர்த்த வேண்டும். சுருள் முடியால் கழுத்தில் சிறு பருக்கள் வருகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு டிரிம்மர் வாங்கலாம். ஒட்ட வெட்டிய சுருள் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்வதால்தான் அந்தப் பருக்கள். கொஞ்சம் முடியை விட்டு வெட்டினால் குறையும்.

மூன்றாவது, தண்ணீர். கொழும்பின் புழுக்கத்தில் முகம் எந்நேரமும் பிசுபிசுக்கும். உலர் சவரத்துக்கு அது ஆகாது. ஷேவர் வழுக்காமல் தோலைப் பிடித்து இழுக்கும். நனைத்தும் பாவிக்கக்கூடிய வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை என்பது என் எண்ணம். ஐ.பி.எக்ஸ் 7 என்றிருந்தால், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆனால் அத்தகையவற்றில் பெரும்பாலானவை வயரில் செருகியிருக்கும்போது ஓடா. பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். 2022 இல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் சார்ஜைத் தீரவிட மாட்டார்கள்.

நான்காவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் அழகான ஷேவர் ஒன்றைக் கையில் எடுத்தேன். "நானா, இதற்கு மாற்றுத் தலை இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, மெஷின் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன். தலை மட்டும் தனியாக வராது." நேர்மையான மனிதர். ஷேவரை மெல்ல வைத்துவிட்டு வந்தேன்.

தலை, அதாவது முடியை வெட்டும் பகுதி, தேயும் பொருள். பிலிப்ஸ் சுழல்தலையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிரவுன் 18 மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறார்கள். பானசோனிக் வலைத்தகட்டை ஆண்டுதோறும், உள் பிளேடை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மாற்றுத் தலை கொழும்பில் கிடைக்காவிட்டால், அல்லது அதன் விலை ஷேவரின் விலையில் பாதிக்கு மேல் போனால், நீங்கள் வாங்குவது இரண்டு ஆண்டு வாடகைப் பொருள். பற்றுச்சீட்டையும் கடை முத்திரை இட்ட உத்தரவாத அட்டையையும் கேட்டு வாங்குங்கள். போலியா என்று அறிய, பெட்டியில் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வலைத்தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளைகள் ஒரே சீராக மின்ன வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் பெரிதாகத் தெரிந்தால் தகடு கிழிந்திருக்கிறது. கன்னத்தில் வைக்காமல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் தோல் முறைத்துக்கொள்ளும், பழைய ரேசரே மேல் என்று தோன்றும். அந்த நாட்களில் ரேசரையும் ஷேவரையும் மாற்றி மாற்றிப் பாவித்தால் தோல் பழகவே பழகாது. அழுத்தாதீர்கள். மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக மெல்லக் கொண்டுபோங்கள்.

கழுவக்கூடிய வகையானால் கழுவிக் காயவைத்த பின் தகட்டில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடலாம். அம்மாவின் தையல் பெட்டியில் அந்தச் சின்னப் போத்தல் இருக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது முடித்தூளோடு சேர்ந்து உள்ளே அப்பிக்கொள்ளும்.