டேங்கில் கோரல் சுருங்கினால் முதலில் உப்பைப் பாருங்கள்

கடல் தண்ணீர் டேங்கில் நேற்று வரை விரிந்து நின்ற கோரல், அதாவது பவளம், இன்று மூடிக்கொண்டால் கை தானாகவே ஏதாவது பாட்டிலைத் தேடும். தேடாதீர்கள். அயோடின், வைட்டமின், அமினோ ஆசிட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றி, அன்றைக்கே லைட்டையும் கூட்டி, கல்லையும் இடம் மாற்றிவிட்டால், அப்புறம் எதனால் கெட்டது என்றும் தெரியாது, எதனால் தேறியது என்றும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிவிட்டுச் சில நாள் சும்மா விடுங்கள்.

நான் இங்கே சொல்வதெல்லாம் ஜோவா, மஷ்ரூம், லெதர் போன்ற, கல் எலும்புக்கூடு இல்லாத சாஃப்ட் கோரல்களுக்கு. கல் பவளம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பாறை கட்டும் கல் பவளங்கள், கடல் விசிறி, கறுப்புப் பவளம் எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. யாராவது கடலில் உடைத்த துண்டை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் மிச்சமிருப்பது நம் கண்ணாடிப் பெட்டிக்காக உடைய வேண்டியதில்லை.

சரி, சுருங்கியது நோய்தானா என்று முதலில் பாருங்கள். லெதர் கோரல் அவ்வப்போது மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசியதுபோல் பளபளத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தோலை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி விரியும். அதன் இயல்பு அது. கொஞ்சம் நீரோட்டம் கூடுதலாகப் பட்டால் தோல் சீக்கிரம் கழன்றுவிடும், வேறொன்றும் செய்ய வேண்டாம். ஆனால் சதை கரைந்து பழுப்பாகக் கூழ் போல வழிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ காத்திருக்கக் கூடாது. கெட்ட பகுதியை அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டு நல்ல பகுதியைத் தனியே வையுங்கள்.

நோய் என்று தெரிந்ததும் முதல் சோதனை உப்பின் அளவு. மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் இருக்கிற நமக்குக் கடல் கிட்டத்தில் இருக்கிறது, கேனில் பிடித்து வந்தால் போதுமே என்று தோன்றும். எங்கே பிடிக்கிறோம் என்பதில்தான் வினை. குழித்துறை தாமிரபரணி தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது, அந்தப் பக்கம் நெய்யாறு பூவாரில் சேர்கிறது. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் உண்டு, மழை பெய்த வாரத்தில் இந்தப் பொழிமுகங்களுக்குப் பக்கத்தில் எடுக்கும் தண்ணீர் பார்க்கக் கடல் தண்ணீர் மாதிரி இருந்தாலும் உப்பு குறைந்து, சேறும் வயல் உரமும் கலந்துதான் இருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் என்றால் டீசல் வேறு. என்னைக் கேட்டால் பாக்கெட் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கலப்பதே நல்லது, செலவு கூடினாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே தண்ணீர் கிடைக்கும்.

அளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அடர்த்தியில் சொன்னால் 1.026 அளவுக்கு. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள், 35 பிபிடி கரைசல் தனியாகக் கிடைக்கும், அதை வைத்துச் சரிபாருங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது: 100 லிட்டர் டேங்கில் 3 லிட்டர் குறைந்தாலே 35 என்பது 36 ஆகிவிடும். அதனால் குறைந்த தண்ணீரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்புங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் கிணறுகளில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவு) குறைவாகக் காட்டினாலும் நைட்ரேட் இருக்கலாம், ப்ளீச்சிங் பவுடரும் போட்டிருப்பார்கள். அளவு தப்பியிருந்தால் ஒரு நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் திருத்தாதீர்கள்.

அடுத்து சூடு. 25 முதல் 27 டிகிரி நல்லது, 30 தாண்டி நாள் கணக்கில் நின்றால் கோரல் தனக்குள் இருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கும். தண்ணீருக்கு மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் கடலோரப் புழுக்கத்தில் ஆவியாவது குறைவதால் நமக்கு அவ்வளவு பலன் வராது, கோடையில் சில்லர் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்தான். கரண்ட் போனால் சூட்டை விட ஆக்சிஜன்தான் முதலில் பிரச்சினை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

இதற்கப்புறம் டெஸ்ட் கிட். ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் காரத்தன்மை, 8, 9 டிகேஹெச்சில் (அதை அளக்கும் அலகு) நிற்கட்டும். 7 ஆனாலும் 10 ஆனாலும் செத்துவிடாது, ஏறி இறங்குவதுதான் கொல்லும். நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை. பலர் இரண்டையும் பூஜ்யமாக்கப் பாடுபடுகிறார்கள், அது தவறு. பட்டினி கிடந்து சாஃப்ட் கோரல் சுருங்கும், டைனோ என்கிற பழுப்புச் சளி கிளம்பும். பூஜ்யம் காட்டினால் கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரைக் குறைத்து மீனுக்கு இன்னும் கொஞ்சம் தீனி போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் திடீரென்று அத்தனையும் ஒன்றாக மூடிக்கொண்டால் வீட்டைப் பாருங்கள்: கொசு மருந்து அடித்தார்களா, மீனுக்குக் காப்பர் மருந்து போட்டோமா, பெயின்ட் வேலை நடக்கிறதா. பக்கத்தில் பெரிய லெதர் இருந்தாலும் அது விடும் நச்சு மற்றவற்றை அமுக்கும். புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, ஒரே உப்பு, ஒரே சூட்டில் தயாராக வைத்த தண்ணீரால் கால்வாசி மாற்றுங்கள். லைட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஜோவா கழுத்தை நீட்டினால் வெளிச்சம் போதவில்லை, மஷ்ரூம் சுருண்டால் வெளிச்சமோ நீரோட்டமோ அதிகம்.

ஒரே ஒரு ஜோவா கூட்டம் மட்டும் மூடியிருந்தால் பூச்சியாக இருக்கலாம். இரவு டார்ச் அடித்துப் பாருங்கள், ஜோவாவைத் தின்னும் நத்தையினம் தான் தின்றதன் நிறத்திலேயே இருக்கும். கோரல் டிப்பில் (பூச்சி கொல்லும் முக்கு மருந்து) முக்கி எடுங்கள், முட்டை அதில் சாகாது என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை முக்குங்கள்.

இந்த வேலைகளில் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இறங்கவே கூடாது. ஜோவா வகைகளில், முக்கியமாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைப்பதோ, வெந்நீர் ஊற்றுவதோ, வெளியே எடுத்து பிரஷால் தேய்ப்பதோ வேண்டாம். அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டில் இருந்த எல்லோருமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கல்லைத் தொட்ட பிறகு வாயில் கசப்போ, காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டாக்டரிடம் பாலிடாக்சின் என்ற பெயரையும் சொல்லுங்கள்.